கறுப்புத் திரைக்குள் ஓடிய கார்

கறுப்பாகக் கிடந்த தொலைக்காட்சிக்குள் ஒரு கார் உறுமிக்கொண்டு நின்றது. காரும் தெரியவில்லை, அது நின்ற பாதையும் தெரியவில்லை. ஆனால் அந்த உறுமல் ஏறி இறங்கும்போதெல்லாம் பக்கத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசி மெல்லச் சிணுங்கின. திரையில் தெரிந்ததெல்லாம் எங்கள் முகங்கள்தாம். மூக்குத் தொடும் தூரத்தில் குனிந்து நின்ற வாப்பா, அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நான், நிலத்தில் சப்பாணி கட்டியிருந்த தம்பி, எல்லோருக்கும் பின்னால், யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலக் கதவு நிலையில் சாய்ந்தபடி உம்மா. "சத்தம் வருது. படம் எங்க?" என்று வாப்பா தொலைக்காட்சியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கார் உறுமிக்கொண்டே இருந்தது.

உம்மா கட்டாரிலிருந்து வந்து இரண்டாம் நாள் அது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் தோஹாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அப்போது தம்பி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். வாப்பா கல்முனை பஸ் நிலையத்தில் முச்சக்கர வண்டி ஓட்டினார். எங்களை வளர்த்தது உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி. கடற்கரையோரம் இருந்த உம்மாவின் பிறந்த வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு எங்களுக்குக் கிடைத்த தொடர்மாடியில், மூன்றாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவருடையது. தம்பி அவரைச் "சாச்சிம்மா" என்பான். தொலைபேசியில் வரும் குரலுக்கு ஸலாம் சொல்லச் சொன்னால் சொல்வான், அவ்வளவுதான். அந்தக் குரல் ஐந்து வருஷம் கழித்து ஒருநாள் கறுப்பு அபாயா போட்டுக்கொண்டு, இரண்டு பெரிய பெட்டிகளோடு படியேறி வந்து அவனைத் தூக்கக் கை நீட்டியபோது அவன் சாச்சியின் பின்னால் போய் நின்றுகொண்டான். நானும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "வாங்க உம்மா" என்றேன், பாடசாலைக்கு வந்த அதிகாரியிடம் சொல்வதைப் போல.

வெளிநாட்டிலிருந்து வந்தவரின் பெட்டியைப் பிரிப்பது எங்கள் பக்கத்தில் ஒரு சடங்கு மாதிரி. மாடியிலுள்ள பெண்கள் எல்லாம் வந்துவிடுவார்கள். பெட்டி திறந்ததும் சவர்க்காரமும் பால்மாவும் தைலமும் சேர்ந்த ஒரு குளிர்ந்த வாசம் வீடு முழுக்கப் பரவும். ஒருவருக்குத் துணி, ஒருவருக்கு வாசனைப் போத்தல், ஒருவருக்குத் தஸ்பீஹ் மணி என்று எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து, தன்னுடைய இரண்டு அபாயாக்களால் சுற்றிச் சுற்றி மூடிய ஒரு பொதியை உம்மா குழந்தையைத் தூக்குவதைப் போலத் தூக்கி எடுத்தார். தொலைக்காட்சியில் போட்டு விளையாடும், பளபளவென்று கறுத்த விளையாட்டுப் பெட்டி. வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிது வாங்கியதும் பழையதை "மெடம்" இவருக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே கார்ப் பந்தய விளையாட்டின் டிவிடித் தட்டு ஒன்றும் இருந்தது. "இது தம்பிக்கு" என்று சொன்ன உம்மா, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என் காதுக்குள், "அவங்கட்டச் சொல்லுங்க ராத்தா, நாளைக்குப் போடட்டுமாம்" என்றான். ராத்தா என்றால் அக்கா. உம்மாவுக்கும் தம்பிக்கும் இடையில் நான் அப்படித்தான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அந்த நாளைதான் இந்தக் கறுப்புத் திரை.

எங்கள் தொலைக்காட்சி பின்புறம் பெருத்த பழைய வகை. அதன் முதுகில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டைகள். சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு, மஞ்சள் படத்துக்கு என்பது டிவிடி வைத்துப் படம் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். உம்மா கொண்டுவந்த வயரும் அதே மூன்று நிறம். மாற்றிச் செருகுவதற்கு இடமே இல்லை. ஆனாலும் வாப்பா பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார், முனையைச் சட்டையில் துடைத்தார், வாயால் ஊதினார். சுவரோரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் எழும்பும்போது, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "அவங்களுக்கு வேணாமெண்டு கழிச்சதத்தானே தருவாங்க. நல்லத ஆரு தருவா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உம்மாவின் முகம் சிறுத்துப் போனது. "இல்ல, நல்லாத்தான் இருந்திச்சி. அந்தப் புள்ளைகள் கடைசிக் கிழமையும் விளையாடினதுகள்" என்றார். பிறகு தேத்தண்ணி போடப் போனார். சமையலறையில் ஒவ்வொரு தகரப் பேணியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவருடைய சொந்தச் சமையலறையில் சீனி எதற்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் ஒரே ஆராய்ச்சி. டிவிடி பெட்டியைச் செருகிப் பார்த்தோம்; அதில் படம் பளிச்சென்று வந்தது, ஆகவே தொலைக்காட்சியில் பிழை இல்லை. விளையாட்டுப் பெட்டியைச் சாச்சி வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனோம். அங்கும் உறுமல் மட்டும். கடைசியில் வாப்பா வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு கல்முனைப் பிரதான வீதியில், தொலைக்காட்சிகளைப் பிளந்து போட்டு வைத்திருக்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் "பாஸ்" என்பார்கள். அவர் வயரின் இரண்டு முனையிலும் ஊசி போன்ற இரண்டு கம்பிகளை வைக்க, கையிலிருந்த கருவி "கீ" என்று கத்தியது. மூன்று நிறத்துக்கும் கத்தியது. பிறகு தன் கடைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார், கறுப்பு.

"வயர்ல ஒரு பிழயும் இல்ல. உள்ளுக்குப் படம் அனுப்பிற இடத்திலதான் என்னமோ. நான் இந்தச் சாமான் ஒண்டும் இதுவரைக்கும் திறந்ததில்ல, திறந்து பழுதாக்கிட்டுப் பொய் சொல்ல ஏலா" என்றார் பாஸ். மனுஷன் நல்லவர். "வேணுமெண்டா வச்சிட்டுப் போங்க நானா, உள்ளுக்கு இரிக்கிற சாமான் எதுக்கும் உதவும்" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். வாப்பா தலையாட்டப் போனார். அதற்குள் உம்மா மேசையிலிருந்து பெட்டியை எடுத்து அணைத்துக்கொண்டார்.

"வேணாம். சத்தம் வருதுதானே" என்றார்.

அந்தச் சொல்லுக்குக் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும் வழி முழுக்க, வண்டியின் குலுக்கலில், அதுவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வருகிறது. அப்படியென்றால் உள்ளே பந்தயம் நடக்கிறது, கார் ஓடுகிறது, யாரோ வெல்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்திலும் கார் வளைவில் திரும்புமா என்று ஒரு கேள்வி வந்து, அன்றைக்குக் குர்ஆன் ஓதப் போன இடத்திலும் என்னை விடவில்லை.

முதலில் விளையாடத் தொடங்கியது தம்பிதான். படம் இல்லாவிட்டால் என்ன, கையில் பிடிக்கும் "ஜோய்ஸ்டிக்" இருக்கிறது, அதில் பட்டன்கள் இருக்கின்றன. ஒரு பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் முதலில் "டிக் டிக்" என்று சில சத்தம், பிறகு ஒரு பாட்டு, பிறகு ஒரு வெள்ளைக்காரன் குரல் மூன்றிலிருந்து ஒன்றுவரை எண்ணும், உடனே சுற்றிவர எல்லாக் கார்களும் உறுமிக்கொண்டு கிளம்பும். விரலுக்கடியில் இருக்கும் பட்டனை அமர்த்தினால் எங்கள் காரின் குரல் உயரும், விட்டால் தாழும். கொஞ்ச நேரத்தில் "டமார்". எங்கேயோ மோதிவிட்டோம். தம்பிக்கு அதுவே பெரிய சந்தோஷம். பாடசாலை விட்டு வந்து, அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மோதிக்கொண்டே இருப்பான்.

ஒரு நாள் பின்னேரம் அவன் அப்படி ஓட்டிக்கொண்டிருக்க, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மா, தலையை நிமிர்த்தாமல், "இப்ப இடப்பக்கம் திருப்பணும்" என்றார். தம்பி அறியாமலே திருப்பினான். மோதவில்லை. "கொஞ்சம் பொறு... இப்ப நேர. நல்லா அமத்து." அமர்த்தினான். குரல் உச்சத்துக்குப் போனது. "இப்ப விடு, வலப்பக்கம் பெரிய வளைவொண்டு." விட்டான், திருப்பினான். ஒரு கிறீச்சல் கேட்டதே தவிர மோதவில்லை. தம்பி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். "அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? கேளுங்க ராத்தா."

"உம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியுமெண்டு தம்பி கேக்கிறான்."

"அந்த ரூமுக்குள்ளதானே நான் உடுப்பெல்லாம் அயன் பண்ற. நான் அயன் பண்ணி முடியுமட்டும் அதுகள் இதத்தானே விளையாடும். கேட்டுக் கேட்டுப் பாடம்" என்றார் உம்மா. பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, முதன்முறையாக, தம்பிக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, நிலத்தில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. கறுப்புத் திரையைப் பார்த்தபடி தம்பி ஓட்டுவான், உம்மா சொல்லிக்கொண்டு வருவார். முதலில் இடம், வலம், விடு, அமத்து என்று மட்டும்தான். பிறகு மெல்ல மெல்லப் பாதையின் இரு பக்கமும் உம்மாவின் வாயிலிருந்து முளைக்கத் தொடங்கியது. "இப்ப நீட்டு றோட்டு. இடப்பக்கம் முழுக்கக் கடல். தென்னமரம் வரிசையா நிக்கிது. உனக்கு முன்னால ஒரு மஞ்சள் கார், அவன உட்டுப்போடு, வளைவில பிடிக்கலாம்... இப்ப சத்தம் கணக்குதா? குகைக்குள்ள போறம். லைட்டெல்லாம் ஓடி ஓடி வருது... இந்தா வெளிய வந்திட்டம், திரும்பவும் கடல்."

"கடல்ல தோணி இரிக்காமா? கேளுங்க ராத்தா" என்பான் தம்பி.

நான் கேட்பதற்குள் பதில் வந்துவிடும். "இரிக்கி. ரெண்டு தோணி. ஒண்டு பச்ச."

"மீன் பிடிக்கிறாங்களாமா?"

"வல இழுக்கிறாங்க. நிறையச் சனம். நீ போற சத்தத்துக்குத் திரும்பிப் பாக்கிறாங்க."

தம்பி அப்போது நிமிர்ந்து உட்காருவான், தன்னைப் பார்ப்பவர்களுக்காக.

மாடிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். படம் இல்லாத தொலைக்காட்சிக்கு முன்னால் நாங்கள் கூட்டமாக இருந்து கண்ணை விரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு எங்களுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். ஒருமுறை சாச்சி, எப்போதும் போலத் தம்பிக்குச் சோறு ஊட்டுவதற்குப் பீங்கான் தட்டில் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார். "இரிங்க சாச்சிம்மா, கடல் முடியட்டும்" என்றான் அவன். சாச்சி பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். வீட்டைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவர் கடற்கரைப் பக்கம் போனவரே இல்லை. கடல் என்ற பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுவார். அன்றைக்கு எழும்பவில்லை. உம்மா சொல்லச் சொல்ல, சோறு காய்ந்து போகும்வரை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு இதில் வேறொரு லாபம் இருந்தது. பாதையைச் சொல்லும் வாயால் உம்மா இடையிடையே வேறு எதையாவது சொல்லிவிடுவார். "இந்த இடம் வந்தாத்தான் அந்தச் சின்னப் புள்ள பயந்து ஓடி வந்து என்ட காலக் கட்டிப் பிடிக்கும்" என்பார். "இந்தப் பாட்டுப் போறதுக்குள்ள நான் நாலு சட்ட முடிச்சிருவன்" என்பார். "இதில மோதினா அந்தப் பெரியவன் கத்துவான், எனக்குக் கை சுட்டிரும்" என்று புறங்கையில் இருந்த ஒரு பழைய தழும்பைக் காட்டுவார். அதுவரை எனக்கு அவர் இருந்த இடம் என்றால் தொலைபேசியில் கேட்கும் இரைச்சலும் மாதத்துக்கொருமுறை வாப்பா வங்கிக்குப் போவதும்தான். இப்போது ஒரு அறை தெரிந்தது, ஒரு மேசை தெரிந்தது, காலைக் கட்டிப்பிடிக்கும் ஒரு பிள்ளை தெரிந்தது. அந்தப் பிள்ளை மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

வாப்பாதான் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். அவருக்கு, அந்தப் பழுதான பெட்டி வீட்டில் கிடப்பது உம்மாவுக்கு அவமானம் என்று பட்டிருக்க வேண்டும். "சும்மா மனுசர் சிரிக்கிறத்துக்கு வச்சிக்கிட்டு... வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சி வரக்குள்ள பாஸுக்கிட்டக் குடுத்திட்டு வாறன்" என்றார். கடையில் சொன்னதைப் போல இந்தமுறை உம்மா "சத்தம் வருதுதானே" என்று சொல்லவில்லை. எழும்பிப் போய்க் காய்ந்த உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார். பெட்டி போனால் இந்தப் பின்னேரங்களும் போய்விடும் என்று எனக்கு உடனே விளங்கியது. தம்பி மறுபடியும் சாச்சியின் பின்னால் போய் நின்றுகொள்வான்.

மறுநாள் நான் தொலைக்காட்சியின் பின்புறம் போய் உட்கார்ந்துகொண்டேன். கார் உறுமிக்கொண்டிருக்க, வெள்ளை வயரைப் பிடுங்கினேன். ஒரு பக்கத்துச் சத்தம் நின்றது. செருகினேன், வந்தது. சிவப்பும் அப்படியே. மஞ்சளைப் பிடுங்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. செருகினேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் மஞ்சள் வயர் நல்லது, ஆனால் அதற்குள் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வராத வாய்க்காலைப் போல. எங்கள் பக்கத்தில் வயல் செய்பவர்கள் வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் குளம் வற்றிவிட்டது என்று முதலில் நினைப்பதில்லை. மேலே யாரோ வேறு பக்கம் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். இதற்குள்ளும் படம் வேறு பக்கம் போகிறதோ?

"உம்மா, அங்க டிவிக்குப் பின்னால என்ன கலர் வயர் இருந்திச்சி?"

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த உம்மா யோசிக்கக்கூட இல்லை. தினமும் தூசி துடைத்த இடம் அல்லவா. "பச்ச, நீலம், சிவப்பு. மறுகா இன்னொரு சிவப்பும் வெள்ளயும். அஞ்சு வயர்."

"மஞ்சள்?"

"மஞ்சள் அங்க இல்ல. இந்த மஞ்சள் வயர் அலுமாரிக்குள்ளதான் கிடந்திச்சி. அந்த அஞ்சு வயர டிவியோட வச்சிக்கிட்டு இதத் தந்தாங்க."

நான் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தேன். "அப்ப இந்த மஞ்சள ஒரு நாளும் பாவிச்சதே இல்லியா?"

"ஏன் இல்ல? லீவுக்கு அதுகள்ற மூத்தப்பாட வீட்ட போகக்குள்ள என்னயும் கூட்டிப் போவாங்க. அங்க நம்மட மாதிரிப் பழைய டிவி. அங்க இந்த மூணு கலர்தான்."

"அங்க படம் வந்திச்சா?"

"வந்திச்சே."

"போட்ட உடனேயா?"

உம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கையில் வைத்தபடி நின்றார். அவருடைய கண் எங்கேயோ போய்விட்டது. "இல்ல... போட்ட உடனே வராது. அந்தப் பெரியவன் என்னமோ செய்வான். பெட்டியில விரல வச்சிக்கிட்டு நிப்பான். ரெண்டு தரம் கத்தும். அதுக்குப் பிறகுதான் வரும். நான் நெனச்சன், அது அவன்ட ஒரு பழக்கமெண்டு. படம் வந்ததும் நான் சமைக்கப் போயிருவன்."

தம்பி உடனே பாய்ந்து போய்ப் பெட்டியை அணைத்துவிட்டு அதன் பட்டனை இரண்டு தரம் குத்தினான். பெட்டி ஒருமுறை "கீ" என்றது. இரண்டாம் குத்துக்கு மூச்சை விட்டு அணைந்துபோனது. மறுபடியும் குத்தினான், மறுபடியும் அதேதான். "அவங்க பொய் சொல்றாங்க" என்று முணுமுணுத்தான். உம்மாவுக்கு அது கேட்டது. அவர் வந்து பெட்டிக்கு முன்னால் குந்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளை எப்படி நின்றான் என்பதை உடம்பால் ஞாபகப்படுத்துவதைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முகத்தை வேறெங்கோ திருப்பி, ஒரு விரலை மட்டும் பட்டனில் வைத்தார். "கீ" என்றது.

"எடுக்காதீங்க உம்மா!" என்று நான் கத்திவிட்டேன். "குத்திறல்ல, வச்சிக்கிட்டே இருக்கிற!"

விரல் அப்படியே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கீழே யாரோ ஒருவர் மீன், மீன் என்று கூவிக்கொண்டு போனார். விரல் நுனி வெளுத்துவிட்டது. இதற்கு மேல் எதுவும் இல்லை என்று நான் நினைத்த நேரத்தில் பெட்டி இரண்டாம் முறை கத்தியது. முதல் சத்தத்தைவிடச் சின்னதாக, ஏதோ சம்மதம் சொல்வதைப் போல. தொலைக்காட்சித் திரை ஒருமுறை நடுங்கியது. ஒரு பச்சைக் கோடு மேலிருந்து கீழே விழுந்தது. பிறகு, எங்கள் முகங்களை அழித்துக்கொண்டு, வெளிச்சமாக, நிறமாக, படம் வந்தது.

நான் குதித்தேன். மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சாச்சி கையில் அகப்பையோடு ஓடி வந்தார். தம்பி மட்டும் அசையவில்லை. ஜோய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரன் எண்ணி முடிக்கும்வரை மூச்சுவிடாமல் இருந்தான், கிளம்பினான். நாங்கள் எத்தனையோ முறை போன பாதை. முதல் வளைவு இடப்பக்கம், உம்மா சொன்ன அதே இடத்தில். பிறகு நீட்டு வீதி. பிறகு பெரிய வளைவு. குகை. எல்லாம் சரி. ஆனால் பாதையின் இரு பக்கமும் சாம்பல் நிறச் சுவர். சுவருக்கு மேலே கம்பி வேலி, தூரத்தில் புகைக்கூண்டுகள், தகரக் கொட்டகைகள். ஒரு மரம்கூட இல்லை. தம்பி ஒரு சுற்று முழுக்க ஓட்டினான். இரண்டாம் சுற்றில் பாதி வழியில், மற்றக் கார்களெல்லாம் பக்கத்தால் இரைந்துகொண்டு போக, பட்டனை விட்டுவிட்டு நின்றான். திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, சாச்சியைப் பார்க்கவில்லை.

"உம்மா, கடல் எங்க?"

குற்றம் சாட்டும் குரலில்தான் கேட்டான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சாச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உம்மா தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க கடல் இல்ல மனே" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம், நான்தான் சொன்னன். நான் அயன் பண்ணக்குள்ள டிவி எனக்குப் பின்னால. முன்னால ஒரு ஜன்னல். திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்க ஏலாதே, துணி கருகிரும். சத்தம் மட்டும்தான் எனக்கு. சத்தத்தக் கேட்டுக் கேட்டு நானே ஒரு றோட்டுப் போட்டு வச்சிருந்தன். கடலயும் நான்தான் வச்சன்."

"அப்ப தோணி?"

"தோணியும்தான்."

தம்பி திரையைப் பார்த்தான். கார் சாம்பல் சுவரோரம் உறுமிக்கொண்டு நின்றது. அந்த வயதில் ஏமாற்றம் என்றால் அழுகைதான் வரும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவன் பட்டனை மறுபடி அமர்த்தி, காரைக் கிளப்பி, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"இந்தச் சுவருக்கு அங்கால இரிக்கும் உம்மா. நமக்குத் தெரியாம இரிக்கி."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் மனே, இரிக்கும்" என்றார். சாச்சி எதிர்க் கதவுக்குள் தன் சமையலறைக்குத் திரும்பிப் போனார்; கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து, "மகனுக்கு இண்டைக்கு நீங்க சோறு தீத்துங்க ராத்தா, எனக்குக் கறி அடுப்பில" என்று தன் அக்காவிடம் சொல்லும் குரல் வந்தது. அவருடைய கறி எல்லாம் எப்போதோ இறக்கி முடிந்திருந்தது என்பது எனக்குத் தெரியும். உம்மா பீங்கானை எடுத்து வந்தார். முதல் கவளத்தைத் தம்பி பாதையைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். கல்முனைச் சந்தைச் சனத்துக்குள் மூன்று சில்லு வண்டியை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டும் மனுஷன் முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். அந்தக் கிழமையே பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள்.

இதெல்லாம் நடந்து நிறையக் காலமாகிவிட்டது. தம்பி இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். கிழமைக்கு ஒருமுறை வந்து, முதல் சோற்றை உம்மா கையால் வாங்கித்தான் சாப்பிடுகிறான், மீசை வைத்த பிறகும். உம்மா திரும்பிக் கட்டாருக்குப் போகவில்லை. சாச்சி தன் மகளைப் பொத்துவிலில் கட்டிக்கொடுத்த பிறகு அங்கேயே அவளோடு இருக்கிறார். எதிர்க் கதவில் யாரோ புதியவர்கள். பின்புறம் பெருத்த அந்தத் தொலைக்காட்சி போய், சுவரில் ஒட்டும் மெல்லியது வந்துவிட்டது. அதன் முதுகில் அந்த மூன்று ஓட்டைகள் இல்லை. பாஸின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. விளையாட்டுப் பெட்டி ஒரு மழைக்காலத்தில் முதல் சத்தமும் போடாமல் நின்றுபோனது. நான் இப்போது ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்தப் பெட்டியில் படம் ஏன் வராமல் இருந்தது என்பது பிறகு படித்து அறிந்ததுதான்: படத்தை எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று ஒருமுறை சொல்லி வைத்தால் அது அதையே பிடித்துக்கொண்டிருக்கும், பட்டனை நீண்ட நேரம் அமர்த்தினால் அதை மறந்துவிட்டுப் பழைய வழிக்கு வரும். இவ்வளவுதான் விஷயம். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்கிறார்கள்.

எனக்கு விளங்காதது வேறு. படம் வந்த அந்த நாளோடு உம்மா சொல்வது நின்றுபோனது. அடுத்தது என்ன வரும் என்று கேட்க யாருக்கும் தேவை இருக்கவில்லை, எல்லாம்தான் தெரிகிறதே. பாதையைச் சொல்லும்போது தவறி விழுந்துகொண்டிருந்த அந்த அறையும் மேசையும் பிள்ளையும் சுட்ட கையும் அதோடு மூடிக்கொண்டன. பெரியவளான பிறகு நான் பலமுறை நேராகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "இருந்தம்தானே. வேலதான். வேற என்ன?" என்று எழும்பிப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு நாள் காலை, நான் பாடசாலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்க, உம்மா என்னுடைய சாரியை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. தோஹாவில் அயன் மேசைக்கு முன்னால் இருந்த அந்த ஜன்னல் திடீரென்று ஞாபகம் வந்தது, கேட்டேன்.

"உம்மா, அந்த ஜன்னலால என்ன தெரியும்?"

எந்த ஜன்னல் என்று அவர் கேட்கவில்லை. துணியைப் புரட்டிப் போட்டு, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அயனை எடுத்தார்.

"வெயில்" என்றார்.